நர்ஸம்மாவின் கையறிவு: பெரம்பலூர், அரியலூர் கிராமச் செவிலியர் பணி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பொதுச் சுகாதாரத்தைத் தாங்கி நிற்பவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் கிராம சுகாதாரச் செவிலியர் ஆவார்; சமவெளியில் ஏறத்தாழ 5,000 பேருக்கும் பச்சைமலை போன்ற மலைப்பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒன்று என்னும் கணக்கில் அமைக்கப்படும் துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பாளராகிய அவரை ஊரார் ‘நர்ஸம்மா’ என்றே அழைக்கின்றனர். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த பெரம்பலூரும், 2001இல் அதிலிருந்து பிரிந்து, அடுத்த ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் தனி மாவட்டமாக நிலைபெற்ற அரியலூரும் மானாவாரி நிலம் மிகுந்தவை. செட்டிகுளம், ஆலத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் முந்திரியும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பால்தான் வீடு வந்து சேர்கின்றன. வேலைக் காலத்தில் வீடுகள் பகலெல்லாம் பூட்டிக் கிடப்பதால், ஒரு கர்ப்பிணியைப் பார்க்க வேண்டுமானால் செவிலியர் விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ செல்ல வேண்டும். இல்லையேல் கொல்லைக்கே சென்றாக வேண்டும்.

இப்பணியை நேரில் காண்போரை முதலில் ஈர்ப்பது கையறிவே. கர்ப்பிணியைச் சிறுநீர் கழித்துவரச் சொல்லி, முழங்கால்களை மடக்கிப் படுக்க வைத்து, குளிர்ந்த கை பட்டால் வயிறு இறுகிவிடும் என்பதால் தம் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, இடக்கையின் விளிம்பை மேல்வயிற்றிலிருந்து மெல்லக் கீழிறக்கிக் கருப்பையின் உச்சி எங்கே தட்டுப்படுகிறது என்று செவிலியர் கண்டறிகிறார். அவ்வுச்சி ஏறத்தாழ 24ஆம் வாரத்தில் தொப்புளருகிலும் 36ஆம் வாரத்தில் மார்பெலும்பின் கீழ்முனையருகிலும் இருக்க வேண்டும். கடைசி மாதவிலக்குத் தேதியோடு அது பொருந்தாதபோது, வளர்ச்சி குன்றியதா, இரட்டைக் கருவா, தேதியில்தான் பிழையா என்னும் கேள்விகள் எழ, உரியவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் முடிவு அந்த இடத்திலேயே எடுக்கப்படுகிறது. பின்னர் இரு கைகளாலும் தலை எப்பக்கம், முதுகு எப்பக்கம் என்று தடவி உணர்ந்து, முதுகுப்புறமாகக் காது கொடுத்து, நிமிடத்துக்கு 120 முதல் 160 வரை அமைய வேண்டிய இதயத்துடிப்பை எண்ணுகிறார். ஸ்கேன் வசதி பெருகிய இக்காலத்திலும், வீட்டுத் திண்ணை வரை வந்து சேரும் பரிசோதனை இந்தக் கைகளே என்பதை மறுக்க இயலாது.

புதன்கிழமை தடுப்பூசி நாள். மருந்து தயாராகும் இடத்திலிருந்து குழந்தையின் உடலை அடையும் வரை அதனை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காத்துவரும் ஏற்பாடு ‘குளிர்ச்சங்கிலி’ எனப்படும். அதன் கடைசிக் கண்ணி இச்செவிலியரின் பெட்டியாகும். உறைந்த ஐஸ்பேக்கை எடுத்தவுடன் அடுக்கினால் சில மருந்துகள் உறைந்து கெட்டுவிடும் என்பதால், சிறிது நேரம் வெளியே வைத்து, காதருகே ஆட்டிப் பார்த்து, உள்ளே நீர் அசையும் ஒலி கேட்ட பிறகே அது பெட்டிக்குள் வைக்கப்படுகிறது. தட்டம்மை–ரூபெல்லா மருந்தைக் கரைத்த நேரம் குப்பியின் மேல் எழுதப்பட்டு, 4 மணி நேரம் கடந்ததும் எஞ்சியது அகற்றப்படுகிறது.

இவற்றினும் கடினமான பணி ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருக்க, அரியலூர் மாவட்டத்தில் 897 பேரே இருந்தனர். கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டறிந்து கூறுவதைத் தடை செய்யும் சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டிருந்தும் நிலை இதுவாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் பதிவான கரு ஐந்தாம் மாதத்தில் இல்லையெனில் அதன் காரணத்தைக் கேட்க வேண்டியவரும், அதே வீட்டுக்கு அடுத்த மாதமும் உறவு கெடாமல் செல்ல வேண்டியவரும் செவிலியரே ஆவார். சட்டம் எட்டாத அந்த அடுக்களையில் மாமியாரிடம் பேசும் துணிவும் பக்குவமும் எந்தப் பாடத்திட்டத்திலும் அடங்குவன அல்ல.

இன்று அவருடைய பெரும்பொழுதை விழுங்குவது கைபேசியாகும். கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதியும் ‘பிக்மி’ என்னும் இணையத்தளத்தில் ஒவ்வொரு பரிசோதனையும் ஏற்றப்பட வேண்டும். 2018 முதல் 18,000 ரூபாயாக உயர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியும் அப்பதிவையே சார்ந்துள்ளது. பதிவு தேவையானதே, ஆயினும் அதற்குச் செலவாகும் நேரம் வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் நேரத்திலிருந்து பறிக்கப்படுவது நியாயமன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை வழங்குவது சுமையை ஓரளவு பகிர்ந்துள்ளது.

செவிலியரும் ஒரு தாயே. 2021 முதல் அரசுப் பெண் ஊழியர்க்கு 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டெனினும், ஒருவர் விடுப்பில் செல்கையில் அவரது ஊர்கள் பக்கத்து நிலையத்துச் செவிலியரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ என்ற பெயரில் சேர்கின்றன. அவர் வீட்டிலும் பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகள் காத்திருக்கின்றனர். காலியிடங்களை நிரப்புவதும், விடுப்புக் காலத்துக்கு மாற்றுச் செவிலியரை அமர்த்துவதும், இணையப் பதிவுக்கென ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் தனியொருவரை நியமிப்பதும் அரசு காலந்தாழ்த்தாமல் செய்ய வேண்டியவை.