பூரிக் கடற்கரையில் நான்கு நாள்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சென்று வந்த யாத்திரைகளில், சந்நிதிக்கு அருகில் என்று பாராமல் சமையலறை உண்டா என்று கேட்டு அறை பிடித்தது ஒரு முறைதான். சென்ற மாசி மாதம், எழுபத்தைந்து வயதான என் தமக்கையையும் என் மனைவியையும் அழைத்துக்கொண்டு பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் சென்றபோது அது நேர்ந்தது.

சமையலறை அக்காவுக்காக. அவர் பிறர் சமைத்ததை உண்பதில்லை. 1987-இல் கணவரை இழந்த நாள் முதல் இந்த நியமம். அதற்கு முந்தைய ஆண்டுதான் என்னுடன் பணியாற்றிய பெண்ணை நான் மணந்துகொண்டேன். அவள் வேறு குலத்தவள். எனவே அக்கா எங்கள் வீட்டில் கை நனைக்காதது துயரத்தில் ஏற்ற விரதத்தாலா, என் திருமணத்தாலா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நானும் கேட்டதில்லை. தாயில்லாப் பிள்ளையான என்னை வளர்த்தவரிடம் அதைக் கேட்க எனக்கு நா எழவில்லை.

அவர் எங்களை ஒதுக்கினார் என்று சொன்னால் அது பாவம். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனையில் பதினோரு இரவுகள் கண்விழித்தவர் அக்காதான். ஆயினும் எங்கள் இல்லத்தில் ஒரு வாய்த் தண்ணீர் அருந்தியதில்லை. வரும்போதே பையில் தமது செம்பும் இரண்டு வாழைப்பழமும் இருக்கும். என் மனைவி இது குறித்து ஒரு சொல் சொன்னவளல்லள். அக்கா வரும் நாட்களில் காபிக்கு மூன்று தம்ளர் எடுத்து வைப்பாள். பிறகு ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்துவிடுவாள். அவ்வளவுதான்.

குர்தா ரோடு சந்திப்பில் வண்டி மாறிப் பூரி சேர்ந்தோம். விடுதி, சொர்க்கத்வாரக் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு பின்னால் இருந்தது. நாளொன்றுக்கு 1,400 ரூபாய். இரண்டு அறை, ஒரு சமையலறை. வாடகை குறைவாயிற்றே என்று மகிழ்ந்தது என் தவறு. எங்களுக்கு மூன்றாம் மாடி. மின்தூக்கியின் கதவிலோ பூட்டுச் சங்கிலி. அக்கா படிக்கு ஒரு ‘கோவிந்தா’ சொல்லி ஏறினார். கடல் தெரியும் அறை என்றார்கள். குளியலறைச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தால் உள்ளங்கை அளவு நீலம் தெரிந்தது. உப்புக் காற்று தாழ்ப்பாள்களைத் தின்றிருந்தது. அடுப்பில் ஒரு பக்கம் மட்டுமே எரிந்தது. பாத்திரப் பட்டியலில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்த்துவிட்டே கையெழுத்திட்டேன், பழைய பழக்கம். கரண்டி ஒன்று குறைந்தது. தம்ளர் மட்டும் சரியாக மூன்று இருந்தது.

இத்தகைய விடுதிகளுக்குப் பெரும்பாலும் வங்காளக் குடும்பங்கள் வருகின்றன. காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து, தாங்களே சமைத்து உண்டு, மாலையில் கடற்கரையில் உலாவுவது அவர்கள் வழக்கம். அந்த வாசனை படிக்கட்டு முழுவதும் நிறைந்திருந்தது. அக்கா கதவை அடைத்துக்கொண்டு, சமையல் மேடையைப் புளியிட்டு மூன்று முறை தேய்த்தார். “அக்கினிக்குத் தீட்டில்லை” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலப் பானையில் உலை வைத்தார். இரண்டு நாள் எங்கள் மூவருக்கும் அவரே சமைத்தார். என் மனைவி சமையலறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

பூரி செல்ல எண்ணும் மூத்த அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே அலை முரட்டு அலை. நம் இராமேசுவரத்து அக்னி தீர்த்தம் போல எண்ணி இறங்கிவிடாதீர்கள். கூம்பு வடிவத் தொப்பி அணிந்த நோலியாக்கள் கரையில் நிற்பார்கள். தெலுங்கு பேசும் மீனவர்கள். யாத்திரிகரைக் கைப்பிடித்து நீராட்டுவது அவர்கள் தொழில். நெல்லூர்க் கிளையில் நான் பணியாற்றிய மூன்றாண்டுத் தெலுங்கு அன்று கைகொடுத்தது. முதியவர் ஒருவர் அக்காவின் இரு கைகளையும் பற்றி, அலை வரும்போதெல்லாம் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி நிறுத்தினார். அக்கா சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்து நெடுங்காலமாகியிருந்தது.

மூன்றாம் நாள் பெரிய கோயிலுக்குப் புறப்பட்டோம். தோல் பொருள்களுக்கும் கைப்பேசிக்கும் உள்ளே அனுமதியில்லை. அனந்தவர்மன் சோடகங்க தேவன் 12-ஆம் நூற்றாண்டில் எழுப்பத் தொடங்கிய கோயில் அது. அவன் தாய் சோழ குலத்துப் பெண் என்பது நமக்கு ஓர் உறவு. சிம்மத்வாரத்தின் முன் நிற்கும் அருணத் தம்பம் கோனார்க்கிலிருந்து வந்தது. இருபத்திரண்டு படிகளேறி, நெரிசலில் நசுங்கி, தாருமேனியராய் நிற்கும் அண்ணன் பலபத்திரனையும் தங்கை சுபத்திரையையும் ஜகந்நாதரையும் கண்டோம். கண்ட நேரம் ஒரு நிமிடம் இருக்கலாம். அந்த வட்ட விழிகள் இன்றும் என்னை விடவில்லை.

வண்டியில் வரும்போதே அக்கா உடையவர் கதையைச் சொல்லியிருந்தார். பூரி வழிபாட்டைப் பாஞ்சராத்திர முறைப்படி மாற்ற உடையவர் முனைந்தாராம். ஜகந்நாதர் இசையவில்லை. உறங்கிக்கொண்டிருந்த ஆசாரியரை ஒரே இரவில் கருடனைக் கொண்டு ஸ்ரீகூர்மத்தில் சேர்த்துவிட்டாராம். “இங்கே இவர் வைத்ததே சட்டம்” என்றார் அக்கா.

தரிசனம் முடிய நண்பகலாயிற்று. அக்காவின் கால்கள் தள்ளாடின. வெளி மதிலுக்குள் வடகிழக்கே ஆனந்த பஜார். கோயில் மடைப்பள்ளியில் மண்பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விறகில் சமைக்கிறார்கள். ஒரு முறை பயன்பட்ட பானை மறுமுறை அடுப்பேறாது. அந்த அன்னம் ஜகந்நாதருக்கும், பின் விமலா தேவிக்கும் நிவேதனமாகி, மகாபிரசாதமாக இந்தச் சந்தைக்கு வருகிறது. அதற்கு எச்சில் இல்லை, தீட்டு இல்லை, குலம் இல்லை; யார் கையிலிருந்தும் யாரும் வாங்கி உண்ணலாம். தரையில் அமர்ந்துதான் உண்ண வேண்டும்.

“ஒரு பருக்கை வாயில் போட்டுக்கொள்கிறேன். சாப்பாடு அறைக்குப் போய்த்தான்” என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். நான் சோறும் பருப்பும் ஒரு கீரையும் வாங்கிவந்தேன். என் மனைவி பானையைத் திறந்து, சோற்றில் பருப்பை விட்டுப் பிசைந்தாள். அருகில் அமர்ந்திருந்த ஒரு ஒடிய மூதாட்டி, எங்களைக் கேளாமலே எங்கள் பானையிலிருந்து ஒரு கை எடுத்து உண்டார். பிறகு தம் பானையிலிருந்து ஒரு கை அள்ளி என் மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அக்காவைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். மொழி புரியவில்லை, பொருள் புரிந்தது.

என் மனைவி அசையாமல் இருந்தாள். அந்தச் சோற்றை அவள் என்ன செய்வாள்? முப்பத்தெட்டு ஆண்டுகள் அலமாரிக்குத் திரும்பிய தம்ளர்களெல்லாம் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தன.

அக்கா வலக்கையை நீட்டினார். தயங்கியது என் மனைவிதான்.

“போடும்மா. எத்தனை நேரம் கையை நீட்டிக்கொண்டிருப்பேன்?”

அவள் போட்டாள். அக்கா உண்டார். மறுபடி நீட்டினார். அந்தப் பானை தீரும்வரை அவர் தாமாக எடுத்து உண்ணவில்லை. அவள் கையிலிருந்தே வாங்கி உண்டார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆட்டோவில் திரும்புகையில் என் வங்கிக்காரப் புத்தி கணக்குப் போட்டது. அன்னம் ஜகந்நாதருடையது, என் மனைவியின் கை அதில் வெறும் கரண்டி. ஆகவே அக்காவின் நியமம் சிறிதும் குலையவில்லை. நாளை முதல் எல்லாம் பழையபடிதான். அதிகம் எதிர்பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

மூன்று மாடி ஏறியதும் அக்கா பாயில் சாய்ந்தார். மாலை வரை எழவில்லை. என் மனைவி மெல்லச் சமையலறைக்குள் சென்றாள், பாலைக் காய்ச்சினாள். கைப்பழக்கமாக மூன்று தம்ளர்களை மேடையில் வைத்து, இரண்டில் காபியை ஊற்றி, மூன்றாவதை எடுத்துக்கொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

“அதை ஏன் உள்ளே வைக்கிறாய்?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

அவள் அப்படியே நின்றாள். பிறகு அதையும் நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தம்ளரைப் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு, ஒரு வாய் பருகினார். நான் மூச்சு விடவில்லை.

“டிகாக்‌ஷன் நீர்த்துவிட்டது. நாளைக்குக் கொஞ்சம் கெட்டியாக இறக்கு” என்றார்.