மாமாவின் ஈறும் மாமியின் ரசமும்

பல் போனால் சொல் போச்சு என்று சொல்லி வைத்த நம் முன்னோர், ஈறு போனால் பல் போச்சு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷம் புகையிலை அடக்கிய என் மாமா அதைச் சென்ற ஜனவரியில் பல் வைத்தியரின் நாற்காலியில்தான் கேள்விப்பட்டார்.

மாமாவுக்குக் கிட்வாய் நகரில் சர்க்கார் குவார்ட்டர்ஸ். விடுதியில் இடம் கிடைக்காத நான் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். கீழ்வரிசையில் நான்கு பற்கள் ஆடின. ஈறுகளை விலக்கி, வேரில் சுண்ணாம்புபோல் இறுகிய காறையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடி தைத்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்வீடன் நாட்டு விட்மன் 1918-லேயே எழுதி வைத்த முறைதான். வலி மரத்துப்போக ஊசி மருந்தாக வரும் லிக்னோகெயினும் 1943-இல் அதே நாட்டில் பிறந்ததே. ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார்: புகையிலையை விடாவிட்டால் ஈறு சரியாக ஆறாது, தைத்ததும் வீண்.

ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்கப்புறம்தான் நிஜமான சோதனை. ஆங்கிலத்தில் அச்சிட்ட அறிவுரைத் தாளை நான் தமிழாக்கம் செய்ய, மாமி ஒவ்வொன்றாக ஆட்சேபித்தாள். அவளுக்குத் தெரிந்த ஒத்தடம் வெந்நீர் ஒத்தடம். தாளிலோ, முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸை இருபது நிமிஷம் கன்னத்தில் வை, இருபது நிமிஷம் எடு என்றிருந்தது. “தில்லிக் குளிரிலே ஐஸா? ஏண்டா, சரியாத்தான் படிச்சியா?” என்றாள். சூடான காப்பியும் கூடாது; ஆறிய காப்பியை மாமா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, முதல் நாள் எச்சில் துப்பக் கூடாது என்பது. துப்பினால் காயத்தில் உறைந்த ரத்தம் பெயர்ந்து வந்துவிடும். வெற்றிலை போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

நகருக்குப் பெயர் தந்த ரபி அகமது கித்வாய், 1952-இல் மத்திய உணவு மந்திரியானவர். சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி அரிசி ரேஷனை எடுத்ததும் அந்த வருஷமே. அவர் பெயர் தாங்கிய நகரில் மாமா ஒரு வாரம் குழைந்த மோர்சாதத்தில் காலம் தள்ளினார்.

ஐந்தாம் நாள் வீட்டில் சண்டை. “ரசத்துலே உப்பே இல்லையேடி!” என்றார் மாமா. மாமி ருசி பார்த்து, சரியாகத்தானே இருக்கிறது என்று சாதித்தாள். இருவருமே பொய் சொல்லவில்லை. காலையும் இரவும் கொப்புளிக்கக் கொடுத்த குளோர்ஹெக்ஸிடின் மருந்து, நாக்குக்கு உப்புச் சுவையைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும். பல்லில் பழுப்புக் கறையும் ஏற்றும். இதை நான் விளக்கிச் சொன்ன பிறகுதான் மாமி சமாதானமானாள். மாமா மட்டும் இரண்டு கல் உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

இரவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீக்கம் வடியத் தலையணையை உயர்த்திப் படுப்பார். வலிக்கு மாத்திரை இருந்தது. புகையிலை ஏக்கத்துக்கு ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கெரிந்தது. பித்தளை வெற்றிலைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார் மாமா. என்னைக் கண்டதும், “உங்க தாத்தா பெட்டிடா இது. சாகறவரைக்கும் அவர் கையை விட்டு இறங்கலே” என்றார். நான் பேசவில்லை. ஒரு தரம் முகர்ந்துவிட்டு மூடினார். என்னைப் போய்ப் படுக்கச் சொன்னார். நான் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊர்க் கதைகள் பேசிக்கொண்டிருந்தோம், வாய் திறந்து அதிகம் பேசாதீர்கள் என்று தாளில் போட்டிருந்தும்.

பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். ஏப்ரலில் மறுபடி அளந்து பார்த்தபோது மூன்று பற்கள் உறுதிப்பட்டிருந்தன. நான்காவது இன்னும் லேசாக ஆடுகிறது. தாத்தாவின் பெட்டியில் இப்போது ஏலக்காயும் கிராம்பும். ஆபீசுக்குப் புறப்படும்போது மாமா அதிலிருந்து இரண்டு ஏலக்காய் எடுத்துக்கொள்கிறார். சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் மாமி அதன் பையை மோந்து பார்க்கிறாள்.