மூடாத போல்ட்

தோட்டா என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது நான்கு பொருட்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொருத்திய பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. (வெடிக்கவைப்பதற்கும் குணப்படுத்துவதற்கும் நம்மிடம் ஒரே சொல்தான். யார் யோசித்து வைத்தார்களோ.) சுட்டதும் குண்டு போய்விடுகிறது, மருந்து எரிந்துவிடுகிறது, பிரைமர் வீணாகிவிடுகிறது. பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சுகிறது. அமெரிக்காவில் அந்தக் கூட்டைப் பொறுக்கியெடுத்து, பழைய பிரைமரைத் தட்டிவிட்டு, உருவத்தைச் சரிசெய்து, மறுபடியும் நிரப்பிச் சுடுகிறவர்கள் ஏராளம். ஹேண்ட்லோடிங் என்கிறார்கள். சிக்கனத்துக்காக என்றுதான் ஆரம்பிப்பார்கள். கராஜில் பாதி இடத்தை அது பிடித்துக்கொண்ட பிறகு சிக்கனம் என்ற பேச்சை யாரும் எடுப்பதில்லை.

மிச்சிகனில் என் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு நாற்பது வருஷமாக இந்தப் பைத்தியம். கார் கம்பெனிகளுக்கு டை செய்துகொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் கோயம்புத்தூரில் பம்ப் பாகங்கள் செய்கிற ஒரு பட்டறையில் அளவு பார்க்கும் பையனாக ஆரம்பித்து, இங்கே உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தவன். ஊர் வேறு, நிறம் வேறு, ஓட்டு வேறு. பொதுவாக இருப்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவர் அதை 'தௌ' என்பார். எங்கள் பட்டறை மேஸ்திரியும் 'தௌ' என்றுதான் சொல்வார். "ரெண்டு தௌ எச்சா இருக்கு, இன்னொருக்கா ஓட்டு."

எனக்குத் துப்பாக்கி கிடையாது. வாங்குகிற எண்ணமும் இல்லை. ஊரில் நான் பக்கத்தில் பார்த்த ஒரே துப்பாக்கி, வங்கி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவலாளியின் மடியில் கிடந்த இரட்டைக்குழல். இங்கே என் மகள் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு ஒத்திகைக்காக இருட்டு வகுப்பறையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, அதைச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொல்கிறாள். அதைக் கேட்டுவிட்டு எழுந்துதான் நான் பெரியவரின் கராஜுக்குப் போகிறேன். இந்த இரண்டையும் சமாதானம் செய்துவைக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என் தொழிலே ரைஃபிளிலிருந்து வந்ததுதான். கோயம்புத்தூரில் மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய ஸ்லிப் கேஜுகள் இருக்கும். வெறும் விரலால் தொட்டால் மேஸ்திரி கத்துவார். அந்தக் கட்டைகளைக் கண்டுபிடித்த யோஹான்சன், ஸ்வீடனில் எஸ்கில்ஸ்துனா ரைஃபிள் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1896இல் அவரை ஜெர்மனியில் மௌசர் துப்பாக்கி ஆலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனிக் கட்டை வைத்திருந்ததைப் பார்த்தார். திரும்பி வருகிற ரயிலில், சில கட்டைகளை மாற்றி மாற்றிச் சேர்த்தே எல்லா அளவையும் கொண்டுவந்துவிடலாமே என்று தோன்றியிருக்கிறது. 1923இல் ஹென்றி ஃபோர்டிடம் வேலைக்கு வந்தார். அதுவும் இதே மிச்சிகனில், டியர்பார்னில். பீளமேட்டில் நான் துடைத்துவைத்த பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு வம்சாவளி இருப்பது அப்போது எனக்குத் தெரியாது.

மிச்சிகனில் நவம்பர் 15 என்றால் மான் வேட்டை தொடங்கும் நாள். வடக்கே அன்றைக்கு அரைவாசிப் பேர் வேலைக்குப் போகமாட்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்பு பெரியவர் என் கதவைத் தட்டினார். கல்லூரியில் படிக்கும் பேத்தி முதல்முறையாக அவரோடு வருகிறாள், புது ரைஃபிளோடு. அவளுக்கென்று 40 தோட்டா நிரப்பிக் கொடுத்திருக்கிறார். சுடுதளத்தில் போட்டுப் பார்த்தால் போல்ட் மூடவில்லை. அவருடைய பழைய ரைஃபிளில் நாற்பதும் வெண்ணெய் மாதிரி போகிறது. அவளுடையதில் ஒன்பதுதான் மூடியது, அதுவும் இறுக்கமாக.

"என் கை போயிடுச்சு போல" என்றார்.

இடது கையில் கொஞ்சம் நடுக்கம் உண்டு. ஒரு கண்ணில் அறுவைசிகிச்சை முடிந்திருந்தது, இன்னொன்று பாக்கி. அந்த மேசையைக் காலி செய்துவிடச் சொல்லி மகன் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது மகனிடம் ஆதாரம் சிக்கிவிட்டது.

அந்தத் தோட்டாவின் பெயர் தேர்ட்டி-ஆட்-சிக்ஸ். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டதால் அந்த ஆறு. பாட்டில் மாதிரி உடம்பு பருத்து, மேலே தோளாகச் சரிந்து, கழுத்தாகக் குறுகும். ரைஃபிளின் சேம்பருக்குள் அது தோளில்தான் முட்டி நிற்கிறது. பின்னால் போல்ட், முன்னால் தோள், இரண்டுக்கும் நடுவில் கூடு. சேம்பரைச் சோதிக்க ஆங்கிலத்தில் கோ, நோ-கோ என்று இரண்டு கேஜ் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் ஆறு தௌதான். தலைமுடி இரண்டைச் சேர்த்தால் வருகிற தடிமன். அதற்குள் ஒரு துப்பாக்கி தாராளமாகவும் இன்னொன்று கறாராகவும் இருக்க முடியும். இரண்டுமே சரியான துப்பாக்கிகள்தான்.

சுடும்போது உள்ளே அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு வரை போகிறது. கார் டயரில் இருப்பது முப்பத்து சொச்சம். அந்த அழுத்தத்தில் பித்தளை ஊதி, சேம்பர் சுவரோடு ஒட்டி, பிறகு லேசாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, சுட்ட கூடு ஒவ்வொன்றும் அது இருந்த சேம்பரின் அச்சு. பெரியவரின் கூடுகள் பழைய ரைஃபிளின் தாராளத்துக்குப் பழகியவை.

இதெல்லாம் அவருக்குத் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் பேத்திக்காகக் கூட்டை முழுநீள டையில் கொடுத்து அழுத்தியிருந்தார். இருந்தும் மூடவில்லை என்றதும் மற்ற காரணங்களை விட்டுவிட்டு நேராகத் தன் கைக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. பட்டறையில் பாகம் தப்பாக வந்தால் முதலில் மெஷினைப் பார், பிறகு டூலைப் பார், கடைசியில் ஆளைப் பார் என்று சொல்லித்தான் பையன்களை வளர்ப்பார்கள். அவரும் அப்படித்தான் பத்துப் பேரை வளர்த்திருப்பார்.

சுடுதளத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், போல்ட்டைக் கொஞ்சம் அழுத்தினால் மூடிக்கொள்ளும் என்றாராம். எது எங்கே முட்டுகிறது என்று தெரியாமல் அழுத்துவது முட்டாள்தனம். குண்டு முன்னால் குழல் வரிகளில் சிக்கியிருந்தால், வெளியே இழுக்கும்போது குண்டு உள்ளேயே தங்கி, மருந்து சேம்பருக்குள் கொட்டும். கூட்டின் வாய் நீண்டு முட்டினால் அது குண்டை நெரிக்கும், அழுத்தம் எகிறும். இன்னொருவர், நிரப்பிய தோட்டாவையே மறுபடி டையில் கொடுக்கச் சொன்னாராம். பெரியவர் அதற்குச் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நாற்பதையும் பிரிப்பது என்று முடிவானது. சுத்தியல் மாதிரி ஒரு கருவி, தலைக்குள் தோட்டாவைப் பொருத்தித் தட்டினால் குண்டு கழன்று விழும். ஒரு சாயங்காலம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தோம். நானும் அவரும் மாறி மாறி. மருந்து ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம்.

பேத்தியின் ரைஃபிளிலிருந்து ஊசியைக் கழற்றிவிட்டு, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். முட்டுகிற இடத்தைக் கண்டுபிடிக்க மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிவைத்தார். கூட்டைச் சுடர்மேல் திருப்பித் திருப்பிக் காட்டினால் கரி படியும். உள்ளே விட்டு எடுத்தால் உரசிய இடம் பளபளக்கும். பெரும்பாலானவர்கள் மார்க்கர் பேனாவில் தீட்டிக்கொள்கிறார்கள். அவருக்குப் புகைதான். எங்கள் பட்டறையில் பிரஷ்யன் ப்ளூ தடவி இதையேதான் செய்வோம், 'ப்ளூ போட்டுப் பாரு' என்பார்கள். அவரிடம் சொன்னேன். அவருக்கு அது தெரிந்த மொழி. அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார்.

கரி சொன்னது தெளிவாக இருந்தது. தோளைச் சுற்றி முழு வட்டமாகத் தேய்ந்திருந்தது. தோள் முன்னால் நிற்கிறது. டையில் அழுத்தியும் ஏன் முன்னால் நிற்க வேண்டும்? இங்கேதான் பித்தளையின் குணம். டை முதலில் உடம்பை நெருக்குகிறது. பற்பசைக் குழாயை நடுவில் பிடித்த மாதிரி, பித்தளை மேலே ஏறுகிறது, தோள் முன்னே போகிறது. டை கடைசிவரை இறங்கினால்தான் தோளைப் பின்னுக்குத் தள்ளும். பாதியில் நின்றால், அழுத்தாமல் விட்டதைவிடக் கூடு நீண்டுவிடும். அவர் டையைச் சரியாகத்தான் இறக்கி வைத்திருந்தார், வெறும் பிரஸ்ஸில். கூட்டை வைத்து நெம்புகோலை இழுத்தபோது பிரஸ்ஸே லேசாக வளைந்து, டைக்கும் கூடு நிற்கிற தாங்கிக்கும் நடுவில் ஒரு கீற்று இடைவெளி விழுந்தது. விளக்கைப் பின்னால் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரிகிற அளவு. அவருக்குத் தெரிந்திருக்காது.

கூடும் பழசு, எத்தனையோ முறை சுட்டது. கன்னார் குடத்தை அடித்து அடித்து, ஒரு கட்டத்தில் நெருப்பில் காட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அடிபட்ட பித்தளை இறுகிவிடும். அழுத்தினால் அழுந்தும், விட்டதும் பழைய இடத்துக்குத் திமிறும். இறுகிய கூடு, வளைந்த பிரஸ், கறாரான சேம்பர். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன.

"கை இல்ல. பிரஸ்ஸும் கூடும்தான்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காபி போட உள்ளே போனார். நடையே மாறியிருந்தது.

அப்போதுதான் அந்த நான்கையும் பார்த்தேன். நான்கில் தேய்மானம் தோளின் சரிவில் இல்லை, தோளும் உடம்பும் சேருகிற விளிம்பில் இருந்தது. விரலை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வீக்கம். நீளம் அளந்தேன். 2.494 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நான்கும் தாண்டியிருந்தன. குண்டைச் செருகியபின் கூட்டின் வாயைக் குண்டோடு சேர்த்து நெரிப்பார்கள். கூடுகள் ஒரே நீளமாக இல்லாவிட்டால், நீளமானதற்கு நெரிப்பு அதிகமாகி, கழுத்து கீழே இறங்கித் தோளைப் பிதுக்கிவிடும். அதாவது, இந்தத் தடவை அவர் நீளத்தை வெட்டவில்லை. அல்லது வெட்டும்போது டயல் காலிப்பரின் முள் எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

நான்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டிருக்கலாம். காலிக் கூடுதானே. முப்பத்தாறுக்குச் சொன்ன காரணமே நாற்பதுக்கும் போதும், மகனிடம் சொல்லவும் அது நல்ல கதை. ஆனால் ரிஜெக்ட் ஆன பாகத்தை ஒளித்துவைக்கிறவனை அவர் பட்டறையிலும் எங்கள் பட்டறையிலும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். காபியோடு வந்தவரிடம் நான்கையும் நீட்டினேன்.

வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். கண்ணுக்குக் கொண்டுபோகவே இல்லை. வீக்கத்தில் விரல் நின்றது.

"நாலா?"

"நாலுதான்."

"இது நான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா விரல் கண்டுபிடிச்சுது பார்த்தியா" என்றார்.

அடுத்த சனிக்கிழமை பேத்தி வந்தாள். டிஜிட்டல் காலிப்பர் ஒன்றும் புதுக் கூடு ஐம்பதும் வாங்கி வந்திருந்தாள். பழைய நாற்பதும் நசுக்கப்பட்டுப் பழைய இரும்பு வாளிக்குள் போயின. டையை எங்கே நிறுத்துவது என்பதை அவள் ரைஃபிளை வைத்தே முடிவு செய்தார்கள். கால் சுற்றிலும் பாதி இறக்குவது, கூட்டை அழுத்துவது, சேம்பரில் வைப்பது. போல்ட்டின் கைப்பிடி தன் எடையிலேயே சரிந்து மூடுகிற இடம் வரும்வரை. பெரியவர் நெம்புகோலை இழுத்தார், அவள் எண்ணை உரக்கப் படித்தாள். என் பங்குக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக நீளம். ஐம்பதையும் அளந்து சொன்னாள். ஐம்பதும் சரி. ஒன்றுகூடத் தப்பாக இல்லை என்பது பெரியவருக்குப் பிடிக்கவில்லை.

"முதல்லேர்ந்து இன்னொருவாட்டி அள" என்றார்.