மூன்றாம் லெவலில் ஒரு கேள்வி

போன வருஷம் டாலஸ் பக்கத்தில் மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். சனிக்கிழமை மாலையானால் பேரனின் நண்பர்கள் வந்து சாப்பாட்டு மேஜையைப் பிடித்துக்கொள்வார்கள். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டு. சின்னத்திரை கிடையாது, காய்கள்கூடக் கட்டாயமில்லை. ஒருவன் கதை நடத்துவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்.

ஒரு பையன் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டான். "தாத்தா, முன்னாடி நின்னு அடி வாங்க ஒரு ஆள் குறையுது. நீங்க வாங்க" என்றான் பேரன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் இதை வெளியிட்டபோது போர்வீரன், மந்திரவாதி, மதகுரு என்று மூன்றே வகைதானாம். பையன்கள் வைத்திருந்த 2014-ஆம் வருஷப் புத்தகத்தில் பன்னிரண்டு. அதிலும் ஒவ்வொன்றுக்குள்ளும் கிளைகள். போர்வீரன் மூன்றாம் லெவலுக்கு வந்ததும் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பேட்டில் மாஸ்டர் என்றால் போர்த் தந்திரங்கள் தெரியும்; அதற்கென்று தனியாக நான்கு பகடை. எல்ட்ரிச் நைட் என்றால் வாளோடு கொஞ்சம் மந்திரமும் உண்டு. சாம்பியனுக்கு இது எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு 20 விழுந்தால்தான் இரட்டைப் பலத்தோடு அடி. சாம்பியனுக்கு 19 விழுந்தாலும் போதும். அவ்வளவே.

ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியது குறைவு என்பதால் சாம்பியன் என்றேன். பையன்கள் சிரித்தார்கள். "அது ரொம்ப போர் தாத்தா. எதையும் சூஸ் பண்ண பயமா இருக்கறவங்கதான் அதை எடுப்பாங்க" என்றான் பேரன்.

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சுருக்கென்றது.

1986-ல் கும்பகோணத்தில் வங்கி கிளார்க்காக இருந்தபோது ஆபீசர் பதவி உயர்வு வந்தது. போனால் வடக்கே எங்காவது போஸ்டிங். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் எல்லோரிடமும் காரணம் சொன்னேன். அது பாதி உண்மை. தெரியாத ஊர், தெரியாத பாஷை, கடன் கோப்பில் கையெழுத்துப் போட்டால் நாளைக்கு என் தலையில் விழுமோ என்ற பயம். இது மீதிப் பாதி. ஹெட் கேஷியராகவே ரிடையர் ஆனேன். கூட வேலை பார்த்தவர்கள் ஏஜிஎம் ஆனார்கள்.

ஆட்டம் தொடங்கியது. ஒரு சுரங்கம், அடுத்தடுத்து மூன்று சண்டை. எல்ட்ரிச் நைட் பையனுக்கு அந்த லெவலில் நாளுக்கு இரண்டே மந்திரம். இரண்டாவது சண்டையிலேயே தீர்ந்துவிட்டது. மந்திரவாதிப் பையன் பெரிய மந்திரங்களை எல்லாம் முதலிலேயே வாரி இறைத்துவிட்டான். இரவு தூங்கி எழுந்தால்தான் அவை திரும்பக் கிடைக்கும். மூன்றாவது சண்டையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாம்பியனிடம் இருப்பது ஒன்றே ஒன்று; அது தீராது. உருட்டினேன். 14, 11, 16. ஒருமுறைகூட 19 விழவில்லை. ஆனாலும் கடைசிவரை வாசலில் நின்றேன்.

முப்பது வருஷம் சாயங்காலக் கணக்கு நேர்படாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. ஸ்ட்ராங் ரூம் சாவி இடுப்பிலேயே இருந்தது. அதற்கு யாரும் கை தட்டியதில்லை; தட்ட வேண்டியதும் இல்லை.

பையன்கள் போன பிறகு பேரன், "வேணும்னா அடுத்த வாரம் வேற சப்கிளாஸ் மாத்தித் தரேன் தாத்தா. நான்தானே நடத்தறேன்" என்றான். இதுவே இருக்கட்டும் என்றேன். "ஆனா நீ சொன்னது சரிதான்டா. பயந்துதான் எடுத்தேன்."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மகன் திரும்பிப் பார்த்தான். ஏன் ஆபீசர் ஆகவில்லை என்று கல்லூரி நாட்களில் அவன் என்னிடம் கேட்டிருக்கிறான். அப்போது தாத்தாவின் உடம்பைத்தான் காரணம் சொன்னேன். அன்றைக்கு மீதிப் பாதியையும் சொன்னேன்.

"தெரியும்ப்பா" என்றான். குழாயை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

அடுத்த சனிக்கிழமையும் நான் சாம்பியன்தான். இரண்டு முறை 19 விழுந்தது.