கையுறை இல்லாத கைகள்

துப்பறியும் நாவல் என்றால் உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது ஒரு பலவீனம். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் கீரைக்காரி கூவினாலும் சரி, கொலைகாரன் யார் என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன். ஆனால் சென்ற வாரம் படித்த நாவலில், கொலைகாரனைப் பற்றிய அக்கறையே எனக்கு இல்லாமல் போயிற்று.

ராபர்ட் கிரெய்ஸ் என்ற அமெரிக்கர் எழுதி 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெமாலிஷன் ஏஞ்சல்' என்ற நாவல் அது. கதாநாயகி கரோல் ஸ்டார்க்கி, லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் இலாகாவில் துப்பறிகிறவள். முன்பு வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் படையில் இருந்தாள். மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு குண்டு வெடித்ததில் அவளுடைய காதலன் மாண்டான். அவளும் மாண்டவள்தான், நின்றுபோன இதயத்தை மறுபடி ஓட வைத்தார்கள். உயிர் வந்தது, தூக்கம் வரவில்லை. ஜின்னும் சிகரெட்டும் வயிற்றெரிச்சல் மாத்திரையுமாகக் காலம் தள்ளுகிறாள். "ஐயே, குடிக்கிற பெண்ணா?" என்று முகம் சுளிக்காதீர்கள். அவள் குடிப்பது குதூகலத்துக்காக அல்ல. பிற்பாதியில் குண்டு செய்கிற பேர்வழி ஒருவன் வந்து கதையைச் சினிமாவாக்கி விடுகிறான். அதைத் தள்ளிவிடுங்கள், முற்பாதிக்காகவே படிக்கலாம்.

நம் சினிமாவில் கதாநாயகன் வியர்க்க விறுவிறுக்க, சிவப்பு ஒயரை வெட்டுவதா, நீல ஒயரை வெட்டுவதா என்று தவிப்பான் அல்லவா? நிஜத்தில் முடிந்த மட்டும் குண்டின் பக்கத்திலேயே போக மாட்டார்கள். இயந்திர மனிதனை அனுப்புவார்கள். குண்டின் உள்ளிணைப்புகள் சிதறும்படி மகா வேகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் குழாய் ஒன்றும் உண்டு. வேறு வழியே இல்லாதபோதுதான் ஒருவர் மட்டும், முப்பது கிலோவுக்கும் மேல் கனக்கும் கவச உடை அணிந்து, தன்னந்தனியாக நடந்து போவார். அந்த உடை தலையை மூடும், மார்பை மூடும், காலை மூடும். கைகளை மட்டும் பெரும்பாலும் மூடுவதில்லை. நுணுக்கமான வேலைக்கு விரல்கள் வேண்டுமே! பிசிறு வெட்டியும் பட்டன் தைத்தும் பழகிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் அமெரிக்காக்காரர் சமாச்சாரம் என்று எண்ணிவிட வேண்டாம். 1998 பிப்ரவரி 14, சனிக்கிழமை. எங்கள் மண்ணரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் கோயமுத்தூரில் பதினோரு இடங்களில் குண்டுகள் வெடித்தன. 58 பேர் இறந்தார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமுற்றார்கள். வெடிக்காமல் கிடந்த குண்டுகளை ராணுவத்தினரும், தேசியப் பாதுகாப்புப் படையினரும், தமிழ்நாடு கமாண்டோ பள்ளியைச் சேர்ந்தவர்களும் செயலிழக்கச் செய்தார்கள். அவர்கள் வீட்டில் அன்றிரவு எப்படிக் கழிந்தது? மறு வருஷம் தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை அணுகுண்டைப் பற்ற வைத்தபோது அவர்கள் எங்கே இருந்தார்கள்? யாரும் எழுதக் காணோம். செத்தவர்களையாவது நாடு நினைக்கிறது. 2016 ஜனவரியில் பதான்கோட்டில் இறந்த பயங்கரவாதி ஒருவனின் உடலிலிருந்த கையெறி குண்டு வெடித்து உயிர் நீத்த லெப்டினன்ட் கர்னல் நிரஞ்சனுக்கு மாலையிட்டோம். திரும்பி வந்தவர்களுக்கு?

அந்தச் சனிக்கிழமை என் தகப்பனார் கோயமுத்தூரில் இருந்தார். உறவினர் வீட்டில் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தார். எனக்கு எட்டு வயது. மறுநாள் மாலைதான் வந்து சேர்ந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அம்மா திருஷ்டி கழித்துப் போட்டதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தோம்.

அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அடுக்கி வைத்த துணியைக் கோடு பிசகாமல் வெட்டுகிற கை. லாரியிலிருந்து துணி மூட்டை 'தொம்'மென்று விழுந்தால் அந்தக் கை உதற ஆரம்பித்தது. குக்கர் விசில் அடித்தால் வாசலுக்குப் போய் நின்றுகொள்வார். ஆறே மாதத்தில் கத்திரியை வைத்துவிட்டு, உருப்படி எண்ணும் வேலைக்கு மாறினார், சம்பளமும் குறைந்தது. "பயந்த கோளாறு" என்று மந்திரித்துத் திருநீறு போட்டார்கள். கோளாறு என்ற அளவில் அவர்கள் சொன்னது தப்பில்லை. முதல் உலக யுத்தத்துச் சிப்பாய்களிடம் இதைக் கண்ட வைத்தியர்கள் 'ஷெல் ஷாக்' என்றார்கள். மனநோய்ப் பட்டியலில் இன்றைய பெயரோடு இது இடம் பெற்றது 1980-ல்தான். நடந்ததைப் பக்குவமாக, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச வைப்பது இதற்கான சிகிச்சைகளில் ஒன்று. இப்போது 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே யோசனை கேட்கலாம். 1998-ல் அதெல்லாம் ஏது?

நாவலை முடித்த அன்று, சும்மா இருக்காமல், அப்பாவுக்குக் கதை சொன்னேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'குண்டு வைத்தவன் அகப்பட்டானா?' என்று கேட்பார் என எதிர்பார்த்தேன்.

"அந்தப் புள்ளைக்குக் கடைசீல தூக்கம் வந்துச்சா, கண்ணு?" என்றார்.

"கொஞ்சம் தேவலைங்கப்பா" என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "நான் அன்னைக்கு டீக்கடை முன்னால நின்னுட்டிருந்தேன். குடிச்சுட்டுப் போலாமா, பஸ்ஸப் புடிக்கலாமான்னு ரோசனை..." என்று ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் வாயால் அதைக் கேட்பது அதுவே முதல் தடவை. உள்ளே மிக்ஸி நின்றது. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து, அவர் காலடியில் உட்கார்ந்தாள்.