டாப்பர் மைனஸ் லாஸ்ட் பெஞ்ச்!

2024 மே மாசம் லடாக்கின் ஹான்லே வானம் செக்கச்செவேல்னு கிடந்த போட்டோ உங்க மொபைலுக்கும் வந்திருக்கும். துருவத்துல தெரியவேண்டிய அரோரா, நம்ம நாட்டுக்கே வந்துடுச்சு! ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் வெச்சாங்க. நான் மூணாவது வருஷ இன்ஜினியரிங். புத்தி சும்மா இருக்குமா? 'இந்த ஆட்டத்தை எப்படி அளப்பாங்க?'னு தேட ஆரம்பிச்சேன். சிக்கினது, ஏ.இ. இண்டெக்ஸ்!

அரோரா ஒளிரும்போது, தரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உயரத்துல மின்சாரம் ஆறு மாதிரி ஓடுது. பேரு 'எலெக்ட்ரோஜெட்'. கரன்ட் ஓடினா காந்த ஊசி அசையும். இது நாம ஸ்கூல் லேப்லயே பார்த்ததுதான். சுவீடனின் உப்சாலாவில் செல்சியஸும் (ஆமாங்க, தெர்மாமீட்டர் செல்சியஸேதான்!) ஹியோர்ட்டரும் 1741-லேயே அரோரா நேரத்துல ஊசி ஆடுறதைக் கவனிச்சு எழுதி வெச்சிருக்காங்க.

ஆனா, ஒத்தை ஊசி போதாது. ஆறு தலைக்கு மேல ஓடினாதான் அது நல்லா ஆடும். பூமியோ சுத்திக்கிட்டே இருக்கு. அதனால 1966-ல் டேவிஸ், சுகியூரா என்ற ரெண்டு விஞ்ஞானிகள் ஒரு வழி சொன்னாங்க. வட துருவத்தைச் சுத்தி வளையமா இருக்கிற நிலையங்களை ஒண்ணா சேர்த்துப் பாருங்கன்னு! அலாஸ்காவின் காலேஜ் (ஊர் பேரே அதுதான் பாஸ்!), கனடாவின் எல்லோநைஃப், ஐஸ்லாந்தின் லேர்வோகுர், சுவீடனின் அபிஸ்கோ, ரஷ்யாவின் டிக்ஸி... இப்படி 12 நிலையங்கள்.

அமைதியான நாளோட ஒப்பிட்டா, காந்தப்புலத்தின் கிடைமட்ட அளவு எவ்வளவு ஏறுது, இறங்குதுன்னு ஒவ்வொண்ணும் நிமிஷத்துக்கு நிமிஷம் சொல்லும். கிழக்கே ஓடுற கரன்ட் ஏத்திவிடும். மேற்கே ஓடுறது இறக்கிவிடும். ரொம்ப ஏறினது டாப்பர், ரொம்ப இறங்கினது லாஸ்ட் பெஞ்ச். ரெண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஏ.இ.! இதைக் கணக்குப் போட்டு வெளியிடுறது ஜப்பானின் கியோட்டோவில் உள்ள தகவல் மையம்.

நம்ம லேப்ல எதுக்கெடுத்தாலும் ஆவரேஜ் எடுப்போமே, இங்கே ஏன் எடுக்கலை? எடுத்தா ஏற்றமும் இறக்கமும் ஒண்ணை ஒண்ணு அழிச்சிடும். புயலடிக்கும்போதே 'எல்லாம் நார்மல்'னு காட்டும்! நான் அசந்துபோனது இந்த இடத்துலதான்.

அமைதியான நாள்ல ஏ.இ. சில பத்து நானோடெஸ்லா. புயல்ல ஆயிரத்தைத் தாண்டும். அங்கே பூமியின் காந்தப்புலமே 50,000-க்கு மேல, அதுல ஆயிரம் பெரிய விஷயமான்னு நினைக்காதீங்க. காந்தப்புலம் வேகமா மாறினா, நீளமான மின்கம்பிகள்ல தேவையில்லாத கரன்ட் ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் திணறும். 1989 மார்ச் 13 காந்தப் புயல்ல, கனடாவின் கியூபெக் மின்கட்டமைப்பு ஒன்றரை நிமிஷத்துல சாய்ஞ்சது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் இருட்டு! ட்ரிபிள்-இ மக்களே, நோட் பண்ணுங்க.

சரி, இந்த அளவுகோல் எப்பவுமே கரெக்ட்டா? இல்லை. புயல் முத்தினா ஆறு தெற்கே இறங்கிடும். வளையத்துக்குச் சரியாத் தெரியாது. நிலையங்களை மூடுறதும் உண்டு. ரஷ்யாவின் கேப் வெலன் நிலையத்தை 1996-ல் மூடினாங்க. 2001-ல் பெபெக்கில் புதுசு வரும்வரை அந்தப் பக்கம் ஓட்டைதான்.

பனியில யாரோ ஒருத்தர் அந்தக் கருவியை ஓடவிட்டாதான் இந்த ஒற்றை எண்ணுக்கே அர்த்தம். ஏன்னா, ஆப்சென்ட் ஆன நிலையம்தான் அன்னிக்கு டாப்பரா இருந்திருக்கலாம்!