ஒப்பேத்தக் கூடாத இடம்

அம்பாசடரின் ஸ்டியரிங்கை மெக்கானிக் அண்ணாச்சி ஒரு கையால் இடமும் வலமும் ஆட்டிக் காட்டினார். வளையம் மூன்று விரற்கடை நகர்ந்தது. முன்சக்கரம் அசையவே இல்லை. "பாத்தியளா, இவ்வளவு தூரத்துக்கும் வண்டி நம்ம கையில இல்ல" என்றார்.

அஞ்சுகிராமம் கன்னியாகுமரி மாவட்டத்தின் கிழக்கு ஓரம். கூடங்குளம் சாலையில் கொஞ்சம் போனால் திருநெல்வேலி மாவட்டம் வந்துவிடும். ஒரு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, மறுபக்கம் கடலின் உப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எந்த இரும்பும் வெகுநாள் சும்மா இருக்காது. வண்டிக்காரர் ஓய்வுபெற்ற டாக்சி டிரைவர். கன்னியாகுமரிக்கு வந்த யாத்ரீகர்களைச் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திருவனந்தபுரம் என்று இந்த டீசல் அம்பாசடரில் வருடக்கணக்காகச் சுற்றிக் காட்டியவர். வண்டி இப்போது வீட்டு முற்றத்தில் தென்னைகளுக்கு இடையில் நிற்கிறது. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மட்டும் வெளியே எடுக்கிறார். அறுபது கிலோமீட்டர் வேகம் தாண்டினால் ஸ்டியரிங் கையில் அடிக்கிறது, டயர் உள்பக்கமாகத் தேய்கிறது என்று அவர் சொல்லி அனுப்ப, மெக்கானிக் ஒரு சாக்கு நிறைய சாமான்களோடும் உதவிக்கு ஒரு பையனோடும் வந்திருந்தார். வேலையைப் பார்ப்பதற்காக நானும் போய்ச் சேர்ந்துகொண்டேன்.

பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, 1950களின் பிற்பாதியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்யத் தொடங்கிய வண்டி அம்பாசடர். மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014 மே மாதம் அதன் உற்பத்தி நின்றது. கனத்த உடம்பைப் பார்த்து இதைப் பழைய தொழில்நுட்பம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் அதே காலத்து ஃபியட்டில் ஸ்டியரிங் பாக்ஸ் இருந்தபோது அம்பாசடரில் ரேக் இருந்தது. இன்றைய சிறிய கார்களிலும் இருப்பது அதே ஏற்பாடுதான். ஸ்டியரிங் தண்டின் நுனியில் உள்ள சிறு பல்சக்கரம், பல் வெட்டிய நீளக் கம்பி ஒன்றை இடவலமாகத் தள்ளும். அந்தக் கம்பிதான் ரேக். அதன் இரு முனைகளிலிருந்தும் டை ராடு கிளம்பிப் போய்ச் சக்கரத்தைத் திருப்பும் கையில் சேரும். சேருமிடத்தில் இருப்பது டை ராடு எண்டு: ஓர் இரும்புக் குமிழ், அதைக் கவ்விய கிண்ணம், உள்ளே கிரீஸ், வெளியே ரப்பர் உறை. நம் தோள்மூட்டைப் போல அது எந்தப் பக்கமும் திரும்பும். உறை கிழிந்தால் மணலும் உப்பும் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும். பிறகு இரும்பை இரும்பே தின்னும்.

வேலை என்றதும் ஸ்பானர் சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். வெகுநேரம் எந்தச் சத்தமும் இல்லை. ஆட்டம் ஒன்றுதான், ஆனால் அது பிறந்த இடம் ரேக்காக இருக்கலாம், டை ராடு எண்டாக இருக்கலாம், சக்கரம் இடவலமாகத் திரும்ப அச்சாக நிற்கும் கிங் பின்னாக இருக்கலாம், சக்கரத்து பேரிங்காகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும். கூடவே வண்டிக்காரரின் பென்ஷனும் கரைந்துவிடும்.

பையனை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைச் சிறிது சிறிதாக ஆட்டச் சொன்னார். அவர் அடியில் படுத்து, ஒவ்வொரு மூட்டின் மேலும் உள்ளங்கையைப் பொத்திப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். வலப்பக்க எண்டுக்கு வந்ததும், "நீங்களும் கையை வச்சுப் பாருங்க சார்" என்றார். வைத்தேன். தண்டு நகர்ந்த பிறகு ஒரு நொடி தாமதித்துத்தான் மறுபக்கம் நகர்ந்தது. உள்ளே மெல்லிய 'டக்'. காதுக்கு எட்டாத சத்தம் அது, கைக்கு எட்டியது.

அடுத்து ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினார்கள். இருபக்கமும் பிடித்துத் தள்ளி இழுத்தால் தெரியும் ஆட்டம் ஸ்டியரிங் இணைப்புகளுடையது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிவது பேரிங் அல்லது கிங் பின். இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். "லே மக்கா, பிரேக்கை மிதி." பையன் மிதித்தான். பிரேக் பிடித்தால் சக்கரமும் அச்சும் ஒன்றாகிவிடும், பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். மறையாமல் மிஞ்சுவது கிங் பின்னுடையது. இங்கே பெரும்பகுதி மறைந்துவிட்டது. பேரிங்கை இறுக்கினால் போதும், கிங் பின்னுக்கு இன்னும் ஆயுசு இருக்கிறது என்று தீர்ப்பாயிற்று. வண்டிக்காரர் மூச்சு விட்டார். அம்பாசடரின் கிங் பின் கிரீஸை நம்பியே வாழ்வது. நிப்பிளில் கிரீஸ் கன்னை வைத்து மாதம் தவறாமல் அடிக்கிறவர் இவர். அந்தப் பழக்கம்தான் இன்றைக்குச் செலவைக் குறைத்தது.

இந்தத் தொழிலில் ஒப்பேத்தத் தெரிந்தவனுக்கே மதிப்பு. மெக்கானிக்கின் சாக்கைப் பிரித்தால் பாதிக்கு மேல் சொந்தக் கைவேலை: சைக்கிள் கம்பியை வளைத்த கொக்கி, லாரி ஸ்பிரிங் பட்டையில் தேய்த்தெடுத்த உளி, வண்டிக்கு முட்டுக் கொடுக்கப் பனங்கட்டைகள். வெறும் ஜாக்கியை நம்பி அவர் வண்டிக்கு அடியில் போவதில்லை. பனங்கட்டையை அடுக்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒருமுறை உலுக்கிப் பார்த்த பிறகே படுக்கிறார். டீசல் டேங்க் ஒழுகினால் சோப்பை அப்பியும், ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தால் பழைய டியூபைச் சுற்றிக் கட்டியும் வண்டியை ஊர் சேர்த்த கதைகள் அவரிடம் நிறைய. பெருமையாகவே சொல்கிறார்.

அப்படிப்பட்டவர் ஸ்டியரிங் என்று வந்ததும் வேறு ஆளாகிவிட்டார். எண்டின் துருப்பிடித்த நட்டுக்கு முந்தின நாளே மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிடச் சொல்லியிருந்தார். அப்படியும் அது அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடுகாட்டினால் என்ன என்று கேட்டேன். "சூடு காட்டுனா நட்டு வரும் சார், ஆனா சக்கரத்தைத் திருப்புற கையோட உறுதி போயிரும். பொறவு எப்ப ஒடியும்னு யாருக்குத் தெரியும்?" மறுபடி மண்ணெண்ணெய், மறுபடி காத்திருப்பு.

கடைசியில், நட்டு தானாகக் கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின் துண்டு துண்டாக வந்தது, நட்டும் இளகியது. அதை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் நிற்கவிட்டார். எண்டின் தண்டு கூம்பாக இருக்கும், அது நுழையும் கையின் துளையும் அதே கூம்பு. அவை இறுகிப்போனால் இழுத்தால் வராது. துளையின் ஒரு பக்கம் பெரிய சுத்தியலை அணைத்துப் பிடித்து, எதிர்ப்பக்கத்தை இன்னொரு சுத்தியலால் அடித்தார். அந்த அதிர்ச்சியில் கூம்பு பிடிவிட்டு, 'ணங்' என்று இறங்கியது. பிறகு பழைய எண்டை டை ராடிலிருந்து திருகிக் கழற்றும்போது பையன் சுற்றுகளை எண்ணினான். புதியதை அதே எண்ணிக்கையில் ஏற்றினால்தான் சக்கரங்களின் நேர் பெரிதாக மாறாது.

புதிய பாகம் நாகர்கோவிலில் வாங்கியது. சென்னையில் 1929-இல் வாகன வணிகமாகத் தொடங்கிய ரானே, 1960களில் ஸ்டியரிங் இணைப்புகளைத் தானே செய்ய ஆரம்பித்ததால், இந்தப் பாகங்களுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட மரபு உண்டு. வண்டிக்காரர் விலை குறைந்த ஒன்றையும், பழைய சாமான் கடையில் கிடைத்த ஒன்றையும் எடுத்துவைத்திருந்தார். இரண்டையும் மெக்கானிக் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்திப் போட மாட்டார். நட்டின் வெட்டும் தண்டின் துளையும் நேராக வராதபோது, அதைத் தளர்த்தி நேராக்காமல், இன்னும் இறுக்கி அடுத்த வெட்டுக்குக் கொண்டுபோனார்.

ரேக்கிலும் கொஞ்சம் தேய்மானம் இருந்தது. எந்த வண்டியும் பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் பற்கள் நடுவில்தான் அதிகம் தேயும். நடுவில் ஆட்டம் போகுமளவு இறுக்கினால், முழுதாக ஒடிக்கும்போது ஓரத்தில் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓரளவோடு விட்டார். "இதுக்கு மேல வேணும்னா ரேக்கையே மாத்தணும் அண்ணாச்சி. அதைச் சரியாக்கிட்டேன்னு உங்க கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

கடைசியாக, சக்கரத்தைச் சுழலவிட்டு டயரின் நடுவில் சாக்கட்டியால் கோடு இழுத்து, முன்னாலும் பின்னாலும் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்தார்கள். முன்பக்கம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும். இருந்தது. அதோடு நிறுத்தாமல், மெதுவாக ஓட்டிப்போய் நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் அலைன்மெண்ட் பார்க்கச் சொன்னார். தன் கை எதுவரை போகும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

டீ குடிக்கும்போது கேட்டேன்: டேங்குக்குச் சோப்பு அப்புகிறவர் இதில் மட்டும் ஏன் இவ்வளவு கறார்? "இஞ்சின் போச்சுன்னா வண்டி நிக்கும். ஸ்டியரிங் போச்சுன்னா வண்டி போவும்" என்றார். நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு லாரி ஒர்க்ஷாப்பில் சிறுவனாகச் சேர்ந்தபோது அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமாம் அது. கூலி பேசும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. எண்டு மாற்ற இவ்வளவு நேரமா என்றுதான் கேட்கிறார்கள். மாற்றும் வேலை அரை மணி நேரம். எதை மாற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டாம், எதைச் செய்யவே கூடாது என்பதற்குத்தான் மீதிப் பொழுது போனது.

சாமான்களைக் கட்டும்போது, கழற்றிய எண்டைக் கல்லின்மேல் வைத்து மரை நசுங்கும்வரை சுத்தியலால் அடித்தார். வண்டிக்காரருக்கு மனசு பொறுக்கவில்லை. பழைய இரும்புக் கடையில் போட்டால் நாலு காசு வருமே என்றார்.

"இரும்பாப் போடுங்க, வேண்டாம்னா சொன்னேன்? மரை நல்லாருந்தா ஒருத்தன் எடுத்து பெயிண்ட் அடிச்சு வித்துருவான். பொறவு அது இன்னொருத்தன் வண்டியில ஏறிரும்."